ஒரு மடுவில் ஒரு தூண்டில்

ஆசிரியருக்கு,

வணக்கம். ஃப்ளை ஃபிஷிங் எனப்படும் ஈத்தூண்டில் பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரை, இது ஒற்றை ஆளாகச் செய்ய வேண்டிய காரியம், துணைக்கு ஆள் வந்தால் பேச்சுச் சத்தத்திலேயே மீன் ஓடிவிடும் என்று சொல்லியிருந்தது. மறுவாரம் அதை மறுத்து வந்த வாசகர் கடிதமோ, நண்பர்கள் இல்லாமல் ஆற்றங்கரையில் நிற்பது வெறும் தவம் என்றது. இரண்டிலும் மனித மனசைப் பற்றி நிறைய இருந்தது; மீனைப் பற்றியும் லைன் எனப்படும் வீச்சுக்கயிற்றைப் பற்றியும் ஒன்றுமே இல்லை. தனியாகவா கூட்டாகவா என்பதைத் தீர்மானிப்பது அந்த இரண்டும்தான். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடும் ஆற்றுக்கு இரண்டு பேர் போகலாம், போகவும் வேண்டும். ஆனால் ஒரு மடுவில் ஒரு தூண்டில்தான் இறங்க வேண்டும். மூன்றாவது ஆள் ஏரிக்கு வரட்டும்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு கனமாக இருக்கும், அது நரம்பை இழுத்துக்கொண்டு பறக்கும். ஈத்தூண்டிலின் முனையில் இருப்பது இறகும் நூலும் சுற்றிய ஒரு சின்ன முள், அதுதான் ஃப்ளை; ஊதினால் பறந்துவிடும். அதைத் தூக்கிக்கொண்டு போவது லைனின் எடை. ட்ரவுட் மீனுக்குப் பலரும் வைத்திருக்கும் 5-ஆம் எண் லைனின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். இந்த 9 கிராமும் முதலில் முதுகுக்குப் பின்னால் முழுசாக நீண்டு விரிந்தால்தான் முன்னால் பறக்கும். முன்னே 12 மீட்டர் வீச வேண்டுமென்றால் பின்னேயும் ஏறக்குறைய அவ்வளவு வெற்றிடம் வேண்டும். ஆக, ஒரே ஒரு ஆள் வீசுவதற்கு 25 மீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை காலியாக இருக்க வேண்டும். அந்தப் பட்டைக்குள் புதர் இருந்தால் ஃப்ளை போகும், நண்பர் இருந்தால் காது போகும்.

பேச்சுக்குப் பயந்து மீன் ஓடுகிறது என்பது பரவலான நம்பிக்கை, ஆனால் தப்பு. காற்றில் வரும் ஒலி நீர்ப்பரப்பில் பட்டதும் கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடுகிறது. ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்குகிறது. கரையில் இருவர் சாதாரணக் குரலில் பேசுவது, சலசலத்து ஓடும் ஆற்றுக்குள் கிடக்கும் மீனுக்கு ஒரு பொருட்டே அல்ல. நீருக்குள்ளேயே பிறக்கும் ஒலி வேறு. அது நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர் போகும், காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். பூட்ஸின் ஆணி கூழாங்கல்லில் உரசுவது, ஊன்றுகோலின் இரும்பு நுனி பாறையில் தட்டுவது, மண்கரையிலிருந்து தொப்பென்று குதிப்பது, இவையெல்லாம் மீனிடம் போய்ச் சேரும். அதன் உடலின் இரு பக்கமும் செவுளிலிருந்து வால்வரை ஓடும் உணர்கோடு, அருகில் நீர் அசைவதையே தொடுவதுபோல் உணர்ந்துகொள்ளும். தேங்கிய நீரில் முழங்காலால் தள்ளிக்கொண்டு நடந்தால், ஆள் போவதற்கு முன்பே அலை போய்ச் சேதி சொல்லிவிடும். ஆகவே நண்பரின் வாயைக் கட்ட வேண்டாம். காலைக் கட்டினால் போதும்.

கண் விஷயம் இன்னும் நுட்பம். நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்ட ஜன்னல் வழியாகத்தான் தெரியும். அந்தப் பார்வைக் கூம்பின் விரிவு சுமார் 97 டிகிரி. 60 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த வட்டம் நீர்ப்பரப்பில் சுமார் 1.35 மீட்டர் விட்டம். மீன் மேலே வந்தால் வட்டம் சுருங்கும், ஆழத்துக்குப் போனால் விரியும். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடி மாதிரி அடித்தரையைத்தான் காட்டும். நீர்மட்டத்திலிருந்து 10 டிகிரிக்குக் கீழே இருப்பதெல்லாம் ஜன்னலின் விளிம்பில் நசுங்கி வெறும் கீற்றாகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1.75 மீட்டர் உயரமுள்ள ஆள் நீரோரத்தில் நின்றால் 10 மீட்டர் தள்ளி இருக்கும்போது அந்தக் கீற்றுக்குள் அடங்குவார். மண்டியிட்டு ஒரு மீட்டர் உயரத்துக்குக் குறுகினால் 6 மீட்டர்வரை நெருங்கலாம். ஒரு மீட்டர் மேடான கரையில் நிமிர்ந்து நின்றாலோ 15 மீட்டருக்கு மேல் விலகியிருக்க வேண்டும். துணைக்கு வருபவர் வழக்கமாகக் கெடுப்பது இங்கேதான். தூண்டில்காரர் மண்டியிட்டு ஊர்ந்து வந்திருப்பார். கூட வந்தவர் வேடிக்கை பார்க்கக் கரைமேட்டில் வெறும் வானத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நெடுநெடுவென்று நிற்பார். சூரியனும் அவருக்குப் பின்னால் இருந்தால் அவருடைய நிழல் மடுவின் குறுக்கே விழும். அதற்குப் பிறகு எந்த ஃப்ளையைக் கட்டினாலும் ஒன்றுதான்.

இனி, இரண்டு பேருக்கு ஒரு தூண்டில் கம்பு என்பதை எப்படி நடத்துவது?

ட்ரவுட் ஓட்டத்தை எதிர்த்து, தலையை மேலாற்றுப் பக்கம் வைத்துத்தான் நிற்கும். வாலுக்குப் பின்னால் ஒரு குறுகிய பகுதி அதன் கண்ணில் படாது. எனவே இருவரும் கீழிருந்து மேலாகவே ஆற்றில் ஏற வேண்டும். கம்பு வைத்திருப்பவர் நீரோரமாகப் போகிறார். மற்றவர் போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கொண்டு, கரைமேட்டில் ஒரு மரத்தையோ புதரையோ ஒட்டி, அதன் நிழலில் நிற்கிறார். உயரத்திலிருந்து பார்ப்பவருக்கு நீரின் பளபளப்பு குறைவு. கீழே நிற்பவருக்குத் தெரியாத மீன் அவருக்குத் தெரியும். முழு மீனைத் தேடினால் கிடைக்காது, துண்டு துண்டாகத் தேட வேண்டும். அடித்தரையில் நகரும் நிழல், ஒரு கணம் வெள்ளையாகத் திறந்து மூடும் வாய், பாசி ஒரு தாளத்தில் ஆட அதோடு சேராமல் தன் தாளத்தில் ஆடும் வால் என்று ஏதாவது ஒன்று கண்ணில் படும்.

கண்டதைச் சொல்வதற்கு இருவருக்கும் பொதுவான அளவு வேண்டும். தூரத்தை மீட்டரில் சொன்னால் ஆளுக்கொரு மீட்டர். கையிலிருக்கும் கம்பையே அளவுகோலாக வைத்துக்கொள்வது நல்லது; 9 அடிக் கம்பு என்றால் 2.7 மீட்டர். ‘வெள்ளைக் கல்லுக்கு இடப்பக்கம் அரைக் கம்பு, மேலே ஒரு கம்பு’ என்றால் குழப்பமே இல்லை. இடமும் வலமும் வீசுகிறவர் பார்வையில்தான் இருக்க வேண்டும். பார்த்துச் சொல்பவர் எதிர்க்கரையில் இருந்தால் இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளாவிட்டால் கதை கந்தல். கடலோரத் திட்டுகளில் படகின் முகப்பை 12 மணியாக வைத்து ‘11 மணி, 40 அடி’ என்று சொல்கிறார்களே, அதுவும் இதே தேவைக்குப் பிறந்ததுதான். வீசிய பிறகு திருத்தம் மட்டும் போதும்: ‘அரைக் கம்பு குறைவு’, ‘இன்னும் கொஞ்சம் இடம்’. ஃப்ளை மீனின் தலைமேல் விழக் கூடாது. முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர்வரை மேலாற்றுப் பக்கம் தள்ளி விழுந்து மிதந்து வர வேண்டும். முதல் வீச்சு குறைவாக விழுவதே மேல். அதிகமாகப் போனால் லைன் மீனின் முதுகுக்கு மேல் விழும், அத்தோடு அந்த மீன் போச்சு.

நீருக்கடியில் போகும் நிம்ஃப் ரக ஃப்ளைகளில் மேட்டில் நிற்பவரின் மதிப்பு இரட்டிப்பாகும். மீன் அதை வாயில் வாங்கிப் பொய் என்று உணர்ந்து துப்ப, பல நேரம் ஒரு நொடிகூட ஆகாது. லைனின் முனையில் இணைத்த மெல்லிய நரம்பான லீடரில் கட்டிய மிதவை அசைவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மேலிருந்து பார்ப்பவர் வாய் வெளுப்பதைக் கண்டதும் ‘தூக்கு’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். இரண்டு சொல் சொன்னால் தாமதம். மிதக்கும் டிரை ஃப்ளைக்கு இது நேர்மாறு: மீன் மேலே வந்து வாங்கியதும் எவரும் கத்தக் கூடாது, அது தலையைக் கீழே திருப்பும்வரை பொறுக்க வேண்டும். கரையிலிருந்து எழும் ஆர்வக் கூச்சல்தான் பல மீன்களின் வாயிலிருந்து ஃப்ளையைப் பிடுங்கிக்கொண்டு வருகிறது.

கம்பு கை மாறுவதற்கும் விதி வேண்டும், இல்லையேல் மனஸ்தாபம் வரும். ஒரு மீன் பிடித்தால் மாற வேண்டும்; கொத்தியதைத் தவறவிட்டாலும் மாற வேண்டும்; ஒன்றுமே நடக்காவிட்டால் 15 நிமிடத்தில் மாற வேண்டும். மரத்தில் ஃப்ளையை மாட்டினாலும் முறை போச்சு என்று வைத்துக்கொண்டால் வீச்சு தானாகவே கட்டுக்குள் வரும்.

துணை இருப்பதன் இன்னொரு லாபம் பின்வீச்சைப் பார்ப்பது. வீசுகிறவரின் கண் முன்னால் இருக்கிறது, குறைகளில் பெரும்பாலானவை பின்னால் நடக்கின்றன. கம்பு பிடித்த கைப்பக்கம், வீசும் திசைக்குச் செங்குத்தாக, 15 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் மூன்று விஷயம் தெரியும். பின்னால் போன லைன் கிடைமட்டத்துக்குக் கீழே தொங்கினால் மணிக்கட்டு அதிகம் மடிகிறது. சாட்டை சொடுக்கிய மாதிரி ‘டக்’கென்று சத்தம் வந்தால், லைன் விரிந்து முடிப்பதற்குள் கை முன்னே வந்துவிட்டது, அந்தச் சொடுக்கில் ஃப்ளை முடிச்சோடு அறுந்து போகும், வீசுகிறவர் அது தெரியாமலே அரைமணி நேரம் வெறும் நரம்பை வீசிக்கொண்டிருப்பார். விரியும் வளையத்தின் மேல்கால் கீழ்க்காலைக் குறுக்காக வெட்டினால், விசையைச் சீராகக் கூட்டாமல் வெடுக்கென்று கொடுத்திருக்கிறார். இந்தக் குறுக்கு வெட்டில்தான் லீடரில் தானாக ஒரு சாதா முடிச்சு விழுகிறது. பழியைக் காற்றின்மேல் போடுவார்கள். அந்த முடிச்சு விழுந்த இடத்தில் நரம்பின் வலிமை ஏறக்குறைய பாதி. பத்து வீச்சுக்கு ஒருமுறை விரலால் தடவிப் பார்த்து, முடிச்சு இறுகாமல் இருந்தால் பிரித்துவிட வேண்டும். இறுகியிருந்தால் வெட்டிவிட்டு, டிப்பெட் எனப்படும் லீடரின் மெல்லிய கடைசிப் பகுதியைப் புதிதாகக் கட்ட வேண்டும்.

இத்தனையையும் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்பவர் நல்ல துணை அல்ல. ஒரு நேரத்தில் ஒரு குறை. அது சரியானபின் அடுத்தது. அப்படிச் சொல்லத் தெரியாத நண்பரோடு பழகுவதைவிட, முனையில் கம்பளி நூல் துண்டைக் கட்டிக்கொண்டு புல்வெளியில் தனியாகப் பழகுவது நூறு மடங்கு மேல்.

இருவருக்கும் ஆளுக்கொரு கம்பு வேண்டும் என்றால், தாண்டித் தாண்டிப் போக வேண்டும். ஒருவர் முதல் மடுவில் தொடங்கினால் மற்றவர் அதற்கு மேலே இரண்டு மூன்று மடு விட்டுத் தொடங்குவார். தொடங்கிய இடத்தில் கல்லின்மேல் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்துவிட்டுப் போவார். கீழிருந்து வருபவர் அந்தக் குச்சியைக் கண்டதும் நீரை விட்டு வெளியேறி, கரையிலிருந்து 10 மீட்டராவது உள்ளே தள்ளி நடந்து, முன்னவரைக் கடந்து, அவருக்கும் இரண்டு மடு விட்டுத்தான் மறுபடி இறங்க வேண்டும். இதில் கெட்டுப்போவது அந்தச் சுற்றுநடைதான். சோம்பலில் கரையோரமாகவே நடந்து, நண்பர் அடுத்து வீச வேண்டிய மடு முழுவதையும் கலைத்துவிட்டுப் போவார்கள். கலைந்த மடு அடங்க இருபது முப்பது நிமிடமாவது ஆகும். மேல்நோக்கி வீசிக்கொண்டு வருபவருக்கு முன்னால் போய் இறங்குவது, அறிமுகமே இல்லாதவராக இருந்தாலும், ஆற்றில் பெரிய குற்றம். நண்பருக்கு மட்டும் அதில் சலுகை இருக்கிறதா என்ன?

சால்மன் ஆறுகளில் இந்தச் சிக்கலே கிடையாது. அங்கே மேலிருந்து கீழாகப் போகிறார்கள்: வீசு, ஃப்ளை ஓட்டத்தின் குறுக்கே வளைந்து வரட்டும், இரண்டு அடி இறங்கு, மறுபடி வீசு. மடுவின் தலையில் ஒருவர் தொடங்கிப் பாதி தூரம் போனதும் அடுத்தவர் இறங்கலாம், கடைசிவரை போனவர் வெளியேறி மறுபடி தலைக்கு வருவார். நின்ற இடத்திலேயே நிற்பவர்தான் அங்கே எல்லோருக்கும் எதிரி.

போட்டியாளர்களைப் பாருங்கள். உலக ஈத்தூண்டில் சாம்பியன்ஷிப்பில் அணிக்கு ஐந்து பேர். ஆனால் மூன்று மணி நேர ஆற்றுச் சுற்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவரும் தமக்கு ஒதுக்கிய நீர்த்துண்டில்தான் வீசுகிறார்கள். பக்கத்தில் இருந்து மீனை அளந்து எழுதுபவர் ஒரு கண்காணிப்பாளர். அணி என்பது இரண்டு சுற்றுகளுக்கு இடையில், எந்த ஆழத்தில் எது கொத்தியது என்று பேசிக்கொள்ளும்போது வருகிறது.

அந்தப் பேச்சிலும் ஒரு முறை உண்டு. நண்பர் நான்கு மீன் பிடித்திருக்கிறார், நமக்கு ஒன்றுமில்லை என்றால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ‘என்ன ஃப்ளை?’ என்பதுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள். அடுத்து, ஃப்ளை நீரின் வேகத்திலேயே மிதந்து போனதா, லைன் இழுத்ததா என்று கேளுங்கள். நடு ஓட்டம் வேகமாகவும் எதிர்க்கரை ஓட்டம் மெதுவாகவும் இருந்தால், வீசியவுடனே லைனின் நடுப்பகுதியைத் தூக்கி மேலாற்றுப் பக்கம் போடாவிட்டால் ஃப்ளை படகு மாதிரி கோடு கிழித்துக்கொண்டு போகும், எந்த மீனும் தொடாது. மூன்றாவதாக டிப்பெட்டின் கனம், நான்காவதாக முள்ளின் அளவு. 4X டிப்பெட் 0.18 மில்லிமீட்டர், 5X 0.15, இந்த 0.03 வித்தியாசம் தெளிந்த மெதுவான நீரில் கொத்தலையே மாற்றிவிடும். இவ்வளவும் ஒத்துப்போன பிறகும் கொத்தவில்லை என்றால், அப்போது அந்த ஃப்ளையைக் கடன் கேளுங்கள்.

ஏரியில் கதையே வேறு. அங்கே மூன்று நான்கு பேர் இருப்பது பலம். மீன் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதுதான் அங்கே முதல் கேள்வி, அதை ஒரே ஆள் தேடினால் பாதி நாள் போய்விடும். நொடிக்கு 4 சென்டிமீட்டர் அமிழும் இன்டர்மீடியட் லைன் 30 எண்ணிக்கையில் சுமார் 1.2 மீட்டர் இறங்கும், நொடிக்கு 7.5 சென்டிமீட்டர் அமிழும் லைன் 40 எண்ணிக்கையில் 3 மீட்டர் போகும். ஆளுக்கு 25 மீட்டர் இடைவெளி விட்டு நின்று, ஒருவர் 10 எண்ணி இழுக்க, அடுத்தவர் 20, அதற்கடுத்தவர் 30 என்று பிரித்துக்கொண்டால், யாருக்கு முதலில் கொத்துகிறதோ அந்த எண்ணிக்கைக்கு எல்லோரும் மாறிவிடலாம். ஒன்றே ஒன்று, எல்லோரும் ஒரே வேகத்தில் எண்ண வேண்டும். ஆர்வக்காரரின் 20 மற்றவரின் 12-ஆக இருக்கும்.

பக்கத்தில் பக்கத்தில் நின்று வீசும்போது யார் எந்தப் பக்கம் என்பதைக் காரணமில்லாமல் முடிவு செய்யக் கூடாது. வலக்கைக்காரரின் லைன் அவருடைய வலத்தோளுக்கு வெளியே போய் வரும். ஆகவே நீரைப் பார்த்து நிற்கையில் வலக்கைக்காரர் வலப்புறமும் இடக்கைக்காரர் இடப்புறமும் நின்றால் இரண்டு லைனும் வெளிப்பக்கமாகப் போகும். இருவரும் வலக்கை என்றால் இடப்புறம் நிற்பவரின் முள் நண்பரின் பக்கமாகத்தான் பறக்கும். இடைவெளியைக் கூட்ட வேண்டும், அல்லது அவர் இடத்தோளுக்கு மேலாக வீச வேண்டும். காற்று வலப்புறமிருந்து அடித்தால் வலக்கைக்காரரின் லைன் அவர் தலைமேலேயே சாயும். படகில் இருவர் என்றால் இருவர் லைனும் ஒரே நேரத்தில் காற்றில் இருக்கக் கூடாது. ‘வீசுகிறேன்’ என்று சொல்லிவிட்டுத் தூக்க வேண்டும். தொப்பியும் கண்ணாடியும் அலங்காரம் அல்ல. முள்ளின் முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிச் சமமாக்கிவிடுவது மீனுக்கும் நல்லது, நண்பரின் கழுத்துக்கும் நல்லது.

நசுக்காத முள் தோலுக்குள் இறங்கிவிட்டால் துணையின் அருமை தெரியும். டிப்பெட்டை முதலில் வெட்டிவிட வேண்டும். லீடரின் தடித்த பகுதியில் அரை மீட்டர் எடுத்து, முள்ளின் வளைவில் கண்ணிபோலப் போட்டு, இரு முனைகளையும் சேர்த்துக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொள்ள வேண்டும். மற்றொரு கையின் விரலால் முள்ளின் காதைத் தோலோடு ஒட்டி அழுத்திப் பிடிக்க வேண்டும்; இந்த அழுத்தம்தான் எதிர்முள்ளைச் சதையிலிருந்து விடுவிக்கிறது. அழுத்தத்தை விடாமல், தோலுக்கு இணையாக, முள் உள்ளே போன வழியே வெளியேறும் திசையில் ஒரே வெடுக்காக இழுக்க வேண்டும். தயங்கி இழுத்தால் வலியும் மிஞ்சும், முள்ளும் மிஞ்சும். முள் பறக்கும் திசையில் ஆள் நிற்கக் கூடாது. முள் தம் கையிலேயே இறங்கியவர் மீதி ஒரு கையால் இதைச் செய்ய முடியாது என்பது பார்த்தாலே தெரியும். கண், கண்ணை ஒட்டிய இடம், மூட்டு, கழுத்தின் முன்பக்கம் என்றால் யாரும் தொடக் கூடாது, அப்படியே அசையாமல் கட்டி மருத்துவரிடம் போக வேண்டும். எடுத்த பிறகும் புண்ணைக் கழுவி, டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

துணை வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு முதன்மைக் காரணம் ஆற்றைக் கடப்பது. நீரின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் தள்ளல் நான்கு மடங்கு. குறுகிய இடம் கடக்கச் சுலபம்போலத் தோன்றும், ஆனால் அங்கேதான் ஆழமும் வேகமும் அதிகம். அகன்று பரந்து சலசலக்கும் இடமே கடக்கத் தகுந்தது. இருவர் கடக்கும்போது கனமானவர் மேலாற்றுப் பக்கம் நின்று ஓட்டத்தை உடைக்க வேண்டும். விரல்களைக் கோக்காமல் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பற்றிக்கொள்ள வேண்டும். விரல் வழுக்கும், மணிக்கட்டுப் பிடி ஒருவர் விட்டாலும் நிற்கும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் காலை நகர்த்த வேண்டும், மற்றவர் ஊன்றி நிற்க வேண்டும். கால்களைக் குறுக்கே போடாமல் பக்கவாட்டில் தேய்த்து நகர்த்தி, சற்றே கீழாற்றுப் பக்கம் சாய்வாகப் போக வேண்டும். தொடைக்கு மேல் வேகமான நீர் வந்தால் திரும்பிவிடுங்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இங்கே பழமொழி அல்ல, வேலைக் குறிப்பு.

இடுப்புவரையோ நெஞ்சுவரையோ வரும் நீர்புகா உடைக்கு வேடர்ஸ் என்று பெயர் (காட்டு வேடர் அல்ல). அதற்குள் நீர் புகுந்தால் ஆளைக் கல் மாதிரி அடிக்கு இழுக்கும் என்று பயப்படுகிறார்கள். நீருக்குள் இருக்கும்வரை உள்ளே புகுந்த நீருக்கு எடை தெரியாது. கரையேறும்போதுதான் காலைத் தூக்க முடியாமல் போகும். அந்த நேரத்தில் தோளைப் பிடித்து இழுக்க ஒரு ஆள் வேண்டும். இடைப்பட்டையை இறுக்கிக் கட்டினால் நீர் புகுவதே குறையும். விழுந்துவிட்டால் மல்லாந்து, கால் கீழாற்றுப் பக்கம் இருக்க, மிதந்து போக வேண்டும். ஓட்டத்தின் நடுவே எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் கால் சிக்கி, ஓட்டம் உடம்பை முன்னே மடக்கிவிடும். கடுங்குளிர் நீருக்கு 1-10-1 என்றொரு கணக்குச் சொல்வார்கள்: மூச்சு கட்டுக்குள் வர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி. உதவிக்கு ஆள் இல்லாதவருக்கு அந்தப் பத்து நிமிடம்தான் முழு ஆயுளும்.

மீனை வலையில் வாங்குவதிலும் துணை உதவும், துணையே கெடுப்பதும் உண்டு. வலையை மீனின்மேல் பாய்ச்சக் கூடாது. மீனுக்குக் கீழாற்றுப் பக்கம் நின்று, வலையை நீருக்குள் பாதி அமிழ்த்தி அசையாமல் வைத்திருக்க வேண்டும். கம்பு வைத்திருப்பவர்தான் மீனின் தலையை உயர்த்தி வலைக்குள் கொண்டுவர வேண்டும். வாலிலிருந்து அள்ளப் போனால் மீன் துள்ளும், இரண்டு ஃப்ளை கட்டியிருந்தால் வலைக்கண்ணியில் இரண்டாவது முள் மாட்டும், டிப்பெட் அறும். புகைப்படம் வேண்டுமென்றால் மீன் நீருக்குள் வலையில் இருக்கும்போதே கேமராவைத் தயார் செய்துகொண்டு, கையை நனைத்து, தூக்கி, பத்து நொடிக்குள் திரும்ப விட்டுவிட வேண்டும். நீரின் வெப்பம் 20 டிகிரியைத் தொட்டால் ட்ரவுட்டுக்கு வீசுவதையே நிறுத்திவிடுங்கள். பிடித்துத் திரும்ப விட்டாலும் அது பிழைப்பது சந்தேகம்.

தனியாகத்தான் போவேன் என்பவர்களுக்கும் நியாயம் உண்டு. மூன்று மீட்டர் அகலம்கூட இல்லாத, மரம் கவிந்த ஓடைகளில் இரண்டாவது ஆளுக்கு நிற்கவே இடம் கிடையாது. அங்கே பின்வீச்சும் கிடையாது: ஃப்ளையை முள்ளின் வளைவில் இரு விரலால் பிடித்து, லைனைப் பின்னே இழுத்துக் கம்பை வில்லாக வளைத்து, விட்டுவிட வேண்டும். ஐந்தாறு மீட்டர் போகும். முனையைப் பிடித்தால் விரல்தான் முதல் மீன். தனியாகப் போகிறவர் லீடரைக் கம்பின் நீளத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது. 9 அடிக் கம்பில் 12 அடி லீடர் கட்டினால், மீனைக் கைவலைக்கு எட்டக் கொண்டுவரும்போது லைனும் லீடரும் சேரும் முடிச்சு நுனி வளையத்துக்குள் நுழைந்துவிடும், மீன் கடைசியாக ஒருமுறை பாயும்போது அந்த முடிச்சு சிக்கி டிப்பெட் போய்விடும். நீளமான லீடர்தான் வேண்டும் என்றால் முடிச்சை வழுவழுப்பாக மூடியிருக்க வேண்டும். கம்பைச் செங்குத்தாக உயர்த்தாமல் பக்கவாட்டில் பின்னே சாய்த்து மீனை இழுக்க வேண்டும். செங்குத்தாக உயர்த்தினால் நுனி ஒடியும். முழங்காலுக்கு மேல் நீரில் இறங்காதீர்கள், கடக்காதீர்கள், இருட்டியபின் நிற்காதீர்கள். எங்கே இறங்குகிறேன், எங்கே ஏறுகிறேன், எத்தனை மணிக்குள் பேசாவிட்டால் தேட வேண்டும் என்று மூன்றையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். விசிலும் நீர்புகா உறைக்குள் போனும் நெஞ்சுப் பையில் இருக்க வேண்டும். முதுகுப் பை முதலில் கையை விட்டுப் போகும்.

கடைசியாக ஒரு திருத்தம். தனிமையே சிறப்பு என்று எழுதிய அந்தக் கட்டுரைக்கு நீங்கள் போட்ட படத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள். பின்னாலிருந்து எடுத்த படம். தோளுக்குத் தோள் இரண்டு மீட்டர்கூட இல்லை, ஒரே மடு, இருவர் தலையிலும் தொப்பி இல்லை. இடப்புறம் நிற்பவர் வலக்கையால் வீசுகிறார், வலப்புறம் நிற்பவர் இடக்கையால் வீசுகிறார். இரண்டு லைனும் இருவர் காதுக்கும் நடுவே பறக்கின்றன. அடுத்த முறை அதே படத்தைப் பயன்படுத்துவதாக இருந்தால், இப்படி நிற்கக் கூடாது என்று அடியில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்